நாலு மில்லிமீட்டர் ஆவி

மனைவியிடம் பொய் சொல்வது என்று விரிசல்காரர் முடிவெடுத்தது முப்பத்தோரு வருஷ இல்லறத்தில் மூன்றே தடவைதான். முதல் தடவை, பொய்யை யோசித்துக்கொண்டிருக்கும்போதே மாட்டிக்கொண்டார். இரண்டாவது தடவை, பாதி சொன்னதும் மீதியை அவளே சொல்லி முடித்துவிட்டாள். மூன்றாவது தடவைதான் பொய் பிழைத்தது. பிழைத்ததோடு நிற்காமல் வீட்டுக்குள் குடியேறி, அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டது.

விரிசல்காரர் என்பது அவர் பெயரல்ல, பிழைப்பு. கட்டடங்களுக்குக் காப்பீடு தரும் அலுவலகம் ஒன்றில் அவருக்கு வேலை. சுவரில் விரிசல் என்று யாராவது எழுதிப் போட்டால் இவர் போவார். விரிசலுக்குப் பக்கத்தில் சின்ன அளவுகோல் ஒன்றை ஒட்டிப் படம் எடுப்பார். ஒரு மாதம் கழித்து அதே இடத்தில் நின்று இன்னொன்று எடுப்பார். இரண்டையும் ஒப்பிட்டால் விரிசல் தூங்குகிறதா, வளர்கிறதா என்று தெரிந்துவிடும். தூங்குகிற விரிசலுக்குப் பூச்சு போதும். வளர்கிற விரிசல் என்றால் ஆட்களை வெளியேற்ற வேண்டும். இருபத்தாறு வருஷம் இதே வேலை பார்த்ததில், பேசுகிறவரின் முகத்தை விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்க்கும் வழக்கம் அவருக்கு வந்திருந்தது.

இரண்டு மாதமாக அவருடைய வலது கை நடுங்கியது. இடது கையும், கூடப் பிறந்த பாசத்தில், சேர்ந்துகொண்டது. சும்மா மடியில் கிடந்தால் ஒன்றுமில்லை. எதையாவது பிடித்தால்தான் வம்பு. பேனா, சவரக் கத்தி, எல்லாவற்றுக்கும் மேலாகக் கேமரா. ஒரு கிடங்கின் சுவரில் இருந்தது ஒரே ஒரு விரிசல். இவர் படத்தில் இரண்டு விழுந்தது. படத்தை நம்பி, இணையாக இரண்டு விரிசல் என்று அறிக்கை எழுதிவிட்டார். கிடங்கைக் காலி செய்தார்கள். பொறியாளர் வந்து இரண்டாவது விரிசலை அரை நாள் தேடினார். பிறகு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வெளிவேலை கிடையாது, கீழ்த்தளத்துக் கோப்பு அறைதான்.

கோப்பு அறையைக்கூட அவர் தாங்கிக்கொள்வார். ஆனால் அவருடைய அப்பாவுக்கும் கையில்தான் நடுக்கம் ஆரம்பித்தது. கடைசி நாலு வருஷம் அம்மா ஊட்டிவிட்டுத்தான் அவர் சாப்பிட்டார். அந்த வாய் திறந்து காத்திருந்ததை விரிசல்காரரால் மறக்கவே முடியவில்லை. டாக்டரிடம் போனால் அப்பாவுக்குச் சொன்ன பெயரையே சொல்லிவிடுவார்கள் என்று பயந்தார். மனைவிக்குத் தெரிந்தால் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய்விடுவாள். ஆகவே மனைவிக்குத் தெரியக்கூடாது. திட்டம் அவ்வளவுதான்.

இரண்டு மாதமும் திட்டம் நன்றாகவே நடந்தது. வீட்டில் அவருக்கிருந்த ஒரே குறை, டீ. திடீரென்று முக்கால் டம்ளராகச் சுருங்கிவிட்டது. கேட்டால், பால் குறைச்சல் என்பாள். கையை மறைக்கிற மனுஷன் டீக்காகச் சண்டை போட முடியுமா? பேசாமல் குடித்தார்.

அப்படியிருக்க ஒரு சனிக்கிழமை மதியம் மூன்று மணி. தெருவில் ஒரு சத்தமில்லை. மனைவி கூடத்து ஜன்னலுக்குப் புதிதாகத் தைத்த திரைச்சீலையை மாட்டிவிட்டு, அதன் முன்னால் போய் நின்றாள். நீலத்தில் வெள்ளைக் கட்டம் போட்ட துணி.

"ஏங்க, உங்க ஆபீஸ் கேமராவை எடுங்க. திரைச்சீலையோட என்னை ஒண்ணு எடுங்க. தங்கச்சிக்கு அனுப்பணும்."

"போன்ல எடேன்."

"அவ பெருசாப் போட்டு மாட்டணுமாம். கேமராவுலதான் வேணும்னு அடம் பிடிக்கிறா."

மாட்டேன் என்றால் ஏன் என்பாள். எடுத்தார். இருவரும் கேமராவின் சின்னத் திரையில் பார்த்தார்கள். மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவள் தோளுக்குப் பின்னால், கொஞ்சம் மேலே, இன்னொருத்தி நின்றுகொண்டிருந்தாள். வெளுத்த உருவம். உடம்பு வழியாகத் திரைச்சீலையின் கட்டங்கள் தெரிந்தன. முகம் இருந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ தேய்த்துவிட்டதுபோல் இருந்தது.

"இது யாருங்க எம் பின்னாடி?"

கேமரா மேல் பழியைப் போடலாமா என்று பார்த்தார். அதற்குள் அவள் கேமராவை வாங்கி அவரை ஒரு படம் எடுத்துவிட்டாள். அது பளிச்சென்று விழுந்தது. சட்டையில் இருந்த மைக்கறைகூடத் தெரிந்தது. இனி இரண்டே வழி. கை நடுங்கியது என்று சொல்லலாம். இல்லையென்றால் வேறு எதையாவது சொல்லலாம். விரிசல்காரர் வேறு எதையோ சொன்னார்.

"எனக்கும் அதான் தெரியல. சில வீட்டுல இப்படி இருக்குமாம். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும்னு ஆபீஸ்ல பேசிக்குவாங்க."

"உங்க படத்துல இல்லையே."

"அதுக்கு உன்னைத்தான் பிடிச்சிருக்கு போல."

அலறுவாள், தைரியம் சொல்லலாம் என்று தயாராக நின்றார். அவள் அலறவில்லை. படத்தையே ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு திரைச்சீலைக்குப் பக்கத்தில் இருந்த வெற்று இடத்தைப் பார்த்தாள்.

"பாவம், நின்னுக்கிட்டே இருக்கா" என்றாள். அவருடைய பிரம்பு நாற்காலியை இழுத்து அங்கே போட்டாள்.

அன்றிலிருந்து அந்த நாற்காலியில் அவர் உட்காரவில்லை. உட்காரப் போனால், "அங்க அக்கா இருக்கா" என்பாள். வயதில் பெரியவளாகத் தெரிகிறாள், அக்கா என்றே கூப்பிடுகிறேன் என்று முறையும் வைத்துவிட்டாள். ஒரு மச்சினியிடமே பேசி ஜெயிக்க முடியாத மனுஷனுக்கு, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு மச்சினி வந்து வாய்த்தாள். டீ மூன்று டம்ளரில் வந்தது. மூன்றாவது டம்ளரை நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூல்மேல் வைப்பாள். அவர் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் அது காலியாகியிருக்கும்.

முதலில் அவர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். தன் பொய்யைத் தன் மனைவி நம்பி அதற்கு டீயும் கொடுக்கிறாள் என்பது எந்தக் கணவனுக்கும் பெருமையான விஷயம். ஆனால் மதியம் மூன்று மணிக்கு, வெயிலில் வீடு அசையாமல் கிடக்கும்போது, சமையலறையிலிருந்து அவள் பேசுவது கேட்கும். ஒரு வாக்கியம் பேசுவாள். நிறுத்துவாள். பதில் வருகிற அளவுக்கு இடம் விட்டு, "அப்படியா?" என்பாள். அந்த இடைவெளியில் கூடத்துப் பிரம்பு நாற்காலி ஒரு தடவை முனகும். பிரம்பு வெயிலுக்கு முனகும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார அவருக்கு மனசு வரவில்லை.

"தினமும் ஒண்ணு எடுங்க" என்றாள். "அக்கா முகம் தெளியுதான்னு பாக்கலாம்."

எடுத்தார். முகம் தெளியவில்லை. ஆனால் உருவம் நகர்ந்தது. தொழில் புத்தி சும்மா இருக்குமா? படத்தைப் பெரிதாக்கி, மனைவியின் காதுக்கும் அதன் காதுக்கும் நடுவில் அளவுகோலை வைத்தார். முதல் படத்தில் நாலு மில்லிமீட்டர். அடுத்த வாரம் ஐந்து. அதற்கடுத்த வாரம் ஆறரை. தேதி போட்டு டைரியில் எழுதிக்கொண்டே வந்தவர், ஒரு நாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வளர்கிறது. இருபத்தாறு வருஷமாக மற்றவர்களுக்குச் சொன்னது, தூங்கவில்லை, வளர்கிறது, ஆட்களை வெளியேற்றுங்கள். தன் கையிலிருந்து தானே எங்கே வெளியேறுவது?

அதற்குப் பிறகுதான் அக்கா வாய் திறக்க ஆரம்பித்தாள்.

"ஏங்க, ஆபீஸ்ல ஏதோ கடுதாசி குடுத்தாங்களாமே?"

டம்ளரைச் சட்டென்று கீழே வைத்தார். "யார் சொன்னா?"

"அக்காதான்."

அந்தக் கடிதத்தை அவர் யாரிடமும் காட்டவில்லை. நாலாக மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

மறுநாள், "சாமான் ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுப் பழகுறீங்களாமே? ஒரே கையெழுத்தை நாப்பது தடவை? எதுக்குன்னு கேக்குறா அக்கா."

அதற்கும் மறுநாள், "நீங்களே சவரம் பண்றதை விட்டுட்டு சலூனுக்குப் போறீங்களாம். அக்காவுக்கு ஒரே கவலை."

பொய்யை உண்டாக்கியவர் விரிசல்காரர்தான். அது எப்படிக் கதவுக்கு உள்ளே நடப்பதையெல்லாம் பார்க்கிறது? குளியலறைக் கண்ணாடியில் முகம் பார்க்கும்போதும் தோளுக்குப் பின்னால் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சொல்லாமல் மிச்சம் வைத்திருந்தது ஒன்றே ஒன்றுதான்.

"உங்களைப் பத்தி இன்னும் ஒரு விஷயம் இருக்காம்" என்றாள் மனைவி, கீரை ஆய்ந்துகொண்டே. "பெரிய விஷயமாம். சனிக்கிழமை சொல்றேன்னு இருக்கா. ஆனா ஒண்ணு, தெளிவா ஒரே ஒரு படம் விழுந்துட்டா அவ போயிடுவாளாம். கலங்கின படத்துலதான் அவளால நிக்க முடியுமாம்."

அப்போதுதான் விரிசல்காரரின் மூளையில் அந்த மகத்தான யோசனை உதித்தது. முழுக்க முழுக்கத் தன் சொந்த யோசனை என்றே அவர் நினைத்தார். கை எவ்வளவு நடுங்கினாலும் படம் நடுங்காத கேமராக்கள் வந்திருக்கின்றனவாம். அப்படி ஒன்றை வாங்கி, ஒரே ஒரு தெளிவான படம் எடுத்தால், அக்காவும் போவாள், ரகசியமும் பிழைக்கும், வேலையும் பிழைக்கும்.

வெள்ளிக்கிழமை, அலுவலகக் கேமராவை எப்போதும் பழுது பார்க்கிற கடைக்கே போனார். கடைக்காரம்மா கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

"கைக்குள்ள அடங்கணும். ஆனா கை நடுங்கினாலும் படம் நடுங்கக்கூடாது" என்றார் விரிசல்காரர்.

"யாருக்குக் கை நடுங்குது?"

"என் சம்சாரத்துக்கு."

கடைக்காரம்மா அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு மூன்று கேமராக்களை மேஜைமேல் வைத்தார்.

முதலாவது சோப்புக் கட்டி அளவு. சட்டைப் பையில் போட்டால் தெரியாது. விரிசல்காரருக்கு ஆசை வந்தது.

"இது வேண்டாம். ரொம்ப லேசு. லேசா இருந்தா நடுக்கம் அதிகம். அதோட, எடுத்த படத்தோட ஓரத்தை வெட்டி வெட்டித்தான் இது ஆட்டத்தை மறைக்கும். மேலுக்குச் சமாளிக்கிற வேலை."

இரண்டாவது தூரத்தில் இருப்பதையெல்லாம் இழுத்துக் காட்டியது. எதிர்வரிசைக் கடைப் பலகையின் ஆணிகூடத் தெரிந்தது.

"இதுவும் வேண்டாம். எவ்வளவு இழுக்குறீங்களோ அவ்வளவு ஆட்டமும் சேர்ந்து வரும். நடுங்குற கைக்குப் பக்கத்துல போய் நின்னு எடுக்குறதுதான் நல்லது."

மூன்றாவதை எடுக்காமல் கடைக்காரம்மா கொஞ்சம் தயங்கினார். பிறகு அதை அவர் பக்கம் நகர்த்தினார். "இது உள்ளங்கைக்கு நிறைவா இருக்கும். உள்ள ஒரு கண்ணாடி மிதந்துக்கிட்டே இருக்கு. கை இந்தப் பக்கம் போனா அது அந்தப் பக்கம் போகும். கை மேல போனா அது கீழ போகும். அதனால படம் நின்ன இடத்துலேயே நிக்கும். கை ஆடினதே கைக்குத் தெரியாது."

"அதுபாட்டுக்குச் செஞ்சுக்கிட்டே இருக்குமா?"

"சொல்லாமலே செய்யும். இங்க பாருங்க, கண்ணை வச்சுப் பாக்குற சின்ன ஜன்னல். நெத்தியில முட்டுக் குடுத்துப் பிடிச்சா இன்னும் உறுதி. பட்டனை அமுக்கினதும் எடுக்காது, ரெண்டு நொடி பொறுத்து எடுக்கிற மாதிரியும் வச்சுக்கலாம். அமுக்குற அதிர்ச்சி அடங்கிடும்."

அவர் நெற்றியில் முட்டுக் கொடுத்து, சுவரில் தொங்கிய எழுத்து அட்டையைப் படம் எடுத்தார். கடைசி வரி எறும்பு அளவு. ஒரு எழுத்தும் இரண்டாகவில்லை. விரிசல்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று மாதத்தில் அவர் கையால் எடுத்த முதல் ஒற்றைப் படம்.

கேமராவின் கைவாரில், உட்பக்கம் மெத்தென்று ஏதோ துணி வைத்துத் தைத்திருந்தது. அந்தத் துணியை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது.

"இது கேமராவோட வர்றதா?"

"இல்ல. இது ஒருத்தங்க எடுத்து வைக்கச் சொன்னது. அவங்க வீட்டுக்காரருக்குக் கை நடுக்கமாம். வார் மணிக்கட்டை அறுக்கும்னு அவங்களே தைச்சு மாட்டிட்டுப் போனாங்க. அவசரம்னா நீங்க எடுத்துட்டுப் போங்க, அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

விரிசல்காரருக்கு அந்த முகம் தெரியாத மனுஷனை நினைத்து உண்மையாகவே இரக்கம் வந்தது.

"பொண்டாட்டிக்குத் தெரிஞ்சுபோச்சா? அப்போ அந்த ஆளு தொலைஞ்சான்" என்றார்.

"ஒண்ணு சொல்றேன்" என்றார் கடைக்காரம்மா, பெட்டியை மூடிக்கொண்டே. "இது படத்தைத்தான் நிறுத்தும். கையை நிறுத்தாது."

சனிக்கிழமை. மதியம் மூன்று மணி. வீட்டுக்குள் நுழைந்ததும் ஏதோ குறைந்ததுபோல் இருந்தது. திரைச்சீலைப் பக்கத்தில் பிரம்பு நாற்காலியைக் காணோம்.

"நாற்காலி எங்க?"

"அக்கா இன்னிக்கு உள்ள உக்காந்திருக்கா."

படுக்கையறைக் கதவு ஒருசாண் திறந்திருந்தது. உள்ளே இருட்டாக இருந்தது. இருட்டுக்குள் பிரம்பு ஒரு தடவை முனகியது. வெயில் விழாத அறையில் பிரம்பு எதற்கு முனகுகிறது என்று யோசிக்க அவருக்குத் தைரியமில்லை. வாரை மணிக்கட்டில் மாட்டினார். அவள் எப்போதும்போலத் திரைச்சீலை முன்னால் நின்றாள். நெற்றியில் முட்டுக் கொடுத்து, மூச்சைப் பிடித்து அமுக்கினார். இரண்டு நொடி. கேமரா மெதுவாக ஒரு சத்தம் போட்டது.

திரையில் மனைவி ஒருத்தியாக நின்றாள். தோளுக்குப் பின்னால் யாரும் இல்லை. திரைச்சீலையின் ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாகத் தெரிந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து, படத்தின் ஓரத்தைப் பார்த்தார்.

கதவிடுக்கில் அவள் உட்கார்ந்திருந்தாள். வெள்ளை உடுப்பு. முழங்கால்மேல் இரண்டு கைகள். இந்தத் தடவை உடம்பு வழியாக எதுவும் தெரியவில்லை. முகம் தெளிவாக விழுந்திருந்தது. கண்ணும் இருந்தது. அந்தக் கண் கேமராவைப் பார்க்கவில்லை. அவருடைய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

விரிசல்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆவியும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார். "நான் சொன்னது பொய். என் கைதான். கை நடுங்குது. அப்பா மாதிரி ஆயிடுவேன்னு பயம். நீ எனக்கு ஊட்டிவிடுற மாதிரி ஆயிடும்னு பயம். அதான் சொல்லல. அவளைப் போகச் சொல்லு."

"எவ்வளவு நாளா நடுங்குது?" என்று கேட்டது கதவிடுக்கு.

"மூ... மூணு மாசமா."

"கை சும்மா இருக்கும்போதா, எதையாவது பிடிக்கும்போதா?"

"பிடிக்கும்போது. ஆவிக்கு எதுக்கு இதெல்லாம்?"

கதவு திறந்தது. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு அம்மாள், கையில் குறிப்பு அட்டையோடு வெளியே வந்தார்.

"நரம்பு டாக்டர்" என்றாள் மனைவி. "கிளினிக்குன்னா நீங்க வர மாட்டீங்க. இவங்களை முன்னாடி நிறுத்தினா கையைப் பின்னாடி கட்டிக்குவீங்க. அதான் கேமராவைக் கையில குடுத்து எடுக்க வச்சேன். பாக்கட்டும்னு."

டாக்டர் அவருக்கு எதிரில் தரையிலேயே உட்கார்ந்து, இரண்டு கைகளையும் வாங்கித் திருப்பிப் பார்த்தார். மடியில் வைக்கச் சொன்னார். மடியில் அவை அசையாமல் கிடந்தன.

"உங்க அப்பாவுக்கு எப்படி இருந்ததுன்னு இவங்க எல்லாம் சொல்லியிருக்காங்க. அவருக்குக் கை சும்மா இருக்கும்போதே நடுங்கிச்சு. இது வேற மாதிரின்னுதான் எனக்குத் தோணுது. திங்கக்கிழமை கிளினிக் வாங்க, சரியாப் பாத்துடலாம். அந்த டைரியையும் எடுத்துட்டு வாங்க. தேதி போட்டு, மில்லிமீட்டர் கணக்கா எந்த நோயாளியும் இப்படிக் குறிச்சு வச்சதில்ல."

வேற மாதிரி என்ற வார்த்தையைக் கேட்டதும் விரிசல்காரர் அழுதுவிட்டார். மறைக்கவெல்லாம் தோன்றவில்லை. மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். டாக்டர் கிளம்பிப் போன பிறகுதான் அவருக்கு மெல்லச் சுயமரியாதை திரும்பியது.

"அந்தக் கடுதாசி எப்படித் தெரியும்?"

"பையைப் பாக்காம சட்டையைத் துவைக்க முடியுமா?"

"கையெழுத்து?"

"நாப்பது கையெழுத்துப் போட்ட பேப்பரைச் சாமான் ரூம்லயே போட்டா, கூட்டுறவ பாக்க மாட்டாளா?"

"மூணாவது டம்ளர் டீ?"

"நான்தான் குடிச்சேன். நல்லா இருந்துச்சு."

"கை நடுங்குறது எப்போ தெரிஞ்சுது?"

"முதல் நாளே. முழு டம்ளர்னா உங்க கையில கொட்டிக்குவீங்க. அதான் முக்காலா ஊத்தினேன்."

விரிசல்காரர் சுவரைப் பார்த்தார். சுவரில் விரிசல் ஒன்றும் இல்லை. தனக்கென்று ஒரே ஒரு வெற்றியாவது மிஞ்ச வேண்டுமே என்று தேடி, மணிக்கட்டில் தொங்கிய கேமராவை உயர்த்திக் காட்டினார்.

"எல்லாம் சரி. ஆனா இந்தக் கேமராவை யோசிச்சுத் தேடிப் பிடிச்சது நான். மூணுல எது சரின்னு நானே பாத்து எடுத்தேன். யாரும் சொல்லித் தரல. இனி என் விரிசல் ஒண்ணு ரெண்டாகாது."

"ஆமாங்க" என்றாள் மனைவி. "அந்தப் படத்துல திரைச்சீலையோட கீழ் மூலையைப் பாருங்க."

பார்த்தார். நடுங்காத படத்தில் அதுவும் துல்லியமாக விழுந்திருந்தது. இடது மூலையில் ஒரு துண்டு துணி வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. நீலத்தில் வெள்ளைக் கட்டம். மெதுவாகக் கைவாரைத் திருப்பி உட்பக்கத்தைப் பார்த்தார்.

அவள் டீ போடச் சமையலறைக்குப் போய்க்கொண்டே சொன்னாள்.

"அந்த ஆளு தொலைஞ்சான்னு சொன்னீங்களாமே, கடைக்காரம்மா போன்ல சொல்லிச் சிரிச்சாங்க."